சீட்டைக் கொஞ்சம் உயர்த்துங்கள்

நேயர்களுக்கு வணக்கம். எனக்குப் புதுக்கோட்டைப் பக்கம். பள்ளி ஆசிரியை. பள்ளி விடுமுறை நாட்களில் பெரியவர்களுக்குச் சைக்கிள் பழக்கிவிடுவது எனக்குப் பிடித்த வேலை. நாற்பது வயதில், ஐம்பது வயதில் புதிதாகச் சைக்கிள் வாங்கி ரோட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்வதைத்தான் இன்று உங்களிடமும் சொல்லப்போகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: சீட்டை உயர்த்துங்கள். எதிரில் சைக்கிளில் வருபவர்களைக் கவனித்திருப்பீர்கள். பத்தில் எட்டுப் பேருக்கு முழங்கால் ஹேண்டில்பார் வரைக்கும் ஏறி இறங்கும். சீட் அவ்வளவு தாழ்வாக இருக்கும்.

இது ஏன் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் அப்படித்தான் கற்றேன். 1991-ல் எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் சொல்லிக்கொடுத்தார்கள். அப்போது எனக்கு ஒன்பது வயது. சாயங்காலமானால் அம்மாவும் தெருப் பெண்களும் கண்மாய்க்கரைத் திடலுக்குப் போவார்கள், நானும் பின்னாலேயே ஓடுவேன். லேடீஸ் சைக்கிள் கிடைக்காது. ஆண்கள் ஓட்டும் பார் வைத்த சைக்கிள்தான். அம்மா அதையே விரும்பினாள். அந்தப் பாரில் என் தம்பியை உட்கார வைக்கலாம், கேரியரில் தண்ணீர்க் குடத்தைக் கட்டலாம் என்பாள். நான் பாருக்குக் கீழே காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டுக் கற்றேன். விழுந்தால் காலை ஊன்றிக்கொள்ள வேண்டும் என்ற பயம் எங்கள் எல்லோருக்குமே இருந்தது. அதனால் சீட்டை அடிமட்டத்துக்கு இறக்கி வைத்துத்தான் பழகினோம். பழகி முடித்த பிறகாவது உயர்த்தியிருக்க வேண்டும். யாரும் உயர்த்தவில்லை.

நடுவில் பல வருடம் சைக்கிளைத் தொடவில்லை. மறுபடி வாங்கியபோது கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டு, இரண்டு காலும் தரையில் படும்படி சீட்டை இறக்கிக் கொடுத்தார். ஒரே மாதத்தில் முழங்காலின் முன்பக்கம் வலி. சைக்கிளை விட்டுவிடலாம் என்றே நினைத்தேன். பஞ்சர் ஒட்டப் போன இடத்தில் ஒரு பெரியவர், "டீச்சர், இதில் உட்கார்ந்தால் யாருக்கும் வலிக்கும்" என்று சொல்லி, ஸ்பேனரை எடுத்து நான்கு விரல் அளவு உயர்த்திவிட்டார். சில வாரத்தில் வலி போய்விட்டது. நான்கு விரல், அவ்வளவுதான்! அன்றிலிருந்து நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

அளவு பார்ப்பது எளிது. சுவர் ஓரமாகச் சைக்கிளை நிறுத்தி, சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். ஒரு பெடலைக் கீழே கொண்டுவந்து அதன்மேல் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். இப்போது ஓட்டும்போது வைக்கிற மாதிரி முன்பாதத்தை வைத்தால், முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். அதுதான் உங்கள் உயரம். ஓட்டும்போது இடுப்பு இரண்டு பக்கமும் ஆடினால் கூடிப்போயிற்று என்று அர்த்தம், கொஞ்சம் இறக்குங்கள். சீட் கம்பியில் ஓர் எல்லைக்கோடு இருந்தால் அது வெளியே தெரியக் கூடாது.

"அப்புறம் எப்படிக் காலை ஊன்றுவது?" என்று எல்லோரும் கேட்பார்கள். சீட்டில் உட்கார்ந்தபடியே ஊன்ற வேண்டியதில்லை. பிரேக் பிடித்து, சைக்கிள் நிற்கப்போகும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கி, ஒரு காலைத் தரையில் வையுங்கள். காலி மைதானத்தில் இருபது தடவை செய்து பார்த்தால் பயம் போய்விடும்.

அடுத்தது காற்று. பஞ்சர் இல்லாவிட்டாலும் டியூபில் காற்று மெல்ல மெல்ல இறங்கும். வாரம் ஒருமுறை பாருங்கள். எவ்வளவு அடிக்க வேண்டும் என்று டயரின் பக்கவாட்டிலேயே எழுதியிருக்கும். காற்று குறைவாக இருக்கும்போது பள்ளத்தில் இறங்கினால் டியூப் ரிம்முக்கும் தரைக்கும் நடுவில் நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். அப்படிப் பஞ்சரானால் முள்ளைத் தேட வேண்டாம், காற்று போதவில்லை.

சரி, ரோட்டுக்கு வருவோம். இடதுபக்கம்தான் போக வேண்டும், ஆனால் தார் முடியும் விளிம்பிலேயே போகாதீர்கள். அங்கே மண் சேர்ந்திருக்கும், தார் சட்டென்று இறங்கும். விளிம்பிலிருந்து இரண்டு மூன்று அடி உள்ளே, நேர்கோட்டில் போங்கள். நேராகப் போகிறவரைப் பின்னால் வரும் டிரைவரால் கணிக்க முடியும். திரும்பிப் பார்க்கும்போது தோளோடு சேர்ந்து ஹேண்டில்பாரும் திரும்பும். தலையை மட்டும் திருப்பப் பழகுங்கள்.

நிறுத்தத்தில் நிற்கும் பஸ்ஸுக்கு இடதுபக்கம் நுழையவே நுழையாதீர்கள். ஆட்கள் இறங்குவார்கள். நிற்கும் காரைத் தாண்டும்போது கதவு திறந்தாலும் படாத தூரத்தில் போங்கள். எங்கள் பக்கம் அறுவடைக் காலத்தில் கதிரை ரோட்டிலேயே பரப்பி வைப்பார்கள். வைக்கோல் வழுக்கும், செயினிலும் சுற்றிக்கொள்ளும். அங்கே இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் ஒரு குறையும் இல்லை. துப்பட்டாவை முன்பே முடிந்துகொள்ளுங்கள், சேலை என்றால் செயின் கவர் இருக்க வேண்டும்.

முதல் பயணம் எங்கே போகலாம்? எங்கள் ஊர்க்காரர்களைச் சித்தன்னவாசலுக்கு அனுப்புவேன். பதினாறு கிலோமீட்டர் போல வரும். விடியற்காலையில் கிளம்பினால் குகை ஓவியத்தையும் பார்த்துவிட்டு... கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரல் காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தான் இருக்கிறதாம். கியர் பற்றிப் பேச நினைத்திருந்தேன். ஒன்றை மட்டும் சொல்கிறேன்: மேடு ஏறத் தொடங்குவதற்கு முன்பே லேசான கியருக்கு மாற்றிவிடுங்கள், பாதி மேட்டில் மாற்றினால் செயின் கழன்றுவிடலாம். பிரேக் இரண்டையும் சேர்த்துப் பிடியுங்கள். ஹெல்மெட் போட்டுக்கொள்ளுங்கள். இருட்டில் பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம் வேண்டும்.

இன்றைக்கே ஒரு ஸ்பேனர் வாங்கி சீட்டை உயர்த்துங்கள். வணக்கம்.