தேயிலைத் தோட்டமும் ஹேக் நீதிமன்றமும்

நேயர்களுக்கு வணக்கம்.

2019 ஆகஸ்ட் மழையை நீலகிரியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அப்படிப்பட்ட மழை ஓய்ந்தபின் ஒரு காரட் தோட்டத்துக்குள் போய்ப் பாருங்கள். மேல்மண் ஓடைக்குப் போயிருக்கும். பாதி வளர்ந்த கிழங்குகள் வேர் தெரியக் கிடக்கும். விதைக்கும் உரத்துக்கும் வாங்கிய கடன் மட்டும் அப்படியே நிற்கும்.

மழைக்கு எந்த நாட்டைக் குற்றம் சொல்வது என்று கேட்பீர்கள். காற்று ஒரு டிகிரி சூடேறினால் அது தாங்கும் ஈரம் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுகிறது. கொட்டும்போது ஒரேயடியாகக் கொட்டுகிறது. அந்தச் சூட்டுக்குக் காரணமான கரியமில வாயுவை எல்லா நாடுகளும் ஒரே அளவில் வெளியிடவில்லை.

புகைக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்பது பழைய சட்டம்தான். கனடாவின் டிரெயில் என்ற ஊரில் இருந்த உருக்காலையின் புகை, எல்லை தாண்டி அமெரிக்க விவசாயிகளின் நிலங்களைப் பாழாக்கியது. தன் நிலப்பரப்பிலிருந்து எழும் புகையால் அடுத்த நாட்டுக்குப் பெருங்கேடு விளைய விடும் உரிமை எந்த நாட்டுக்கும் இல்லை என்று 1941இல் நடுவர் மன்றம் தீர்ப்பளித்தது. கனடா இழப்பீடு கொடுத்தது.

அந்தக் கொள்கையைத்தான் 2025 ஜூலை 23 அன்று ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றம் உலகம் முழுவதற்கும் விரித்துச் சொன்னது. பசிபிக் தீவுகளின் சட்ட மாணவர்கள் தொடங்கிய முயற்சி அது. வனுவாட்டு என்ற சின்னஞ்சிறு நாடு அதைக் கையில் எடுத்து ஐ.நா. பொதுச்சபை வரை கொண்டுபோனது; சபை நீதிமன்றத்திடம் கருத்துக் கேட்டது. எனக்கு இது பெரும் நம்பிக்கை தருகிறது. 15 நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள்: பருவநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை. பருவநிலை ஒப்பந்தங்களில் கையெழுத்திடாத நாடும் தப்ப முடியாது. நிலக்கரி, எண்ணெய் எடுக்க உரிமம் கொடுப்பதும் மானியம் கொடுப்பதும்கூடச் சட்டமீறலாகலாம். மீறினால் இழப்பீடு கேட்கலாம்.

இது ஆலோசனைக் கருத்துதான், யாரையும் கட்டாயப்படுத்தாது. ஆனாலும் இனி எந்த நீதிமன்றத்திலும் இதை எடுத்து வைத்து வாதாடலாம். புதிய கடமைகளைச் சுமத்த வேண்டாம் என்று நம் நாடும் ஹேக்கில் கேட்டுக்கொண்டது. முன்பே வளர்ந்த நாடுகள் அதிகம் சுமக்க வேண்டும் என்ற நம் வாதம் நியாயமானது. அதற்காக நமக்குக் கடமையே இல்லை என்றாகாது. பருவநிலை மாற்றத்தின் கேடுகளிலிருந்து பாதுகாப்புப் பெறுவது குடிமக்களின் உரிமை என்று நம் உச்ச நீதிமன்றமே 2024இல் சொல்லியிருக்கிறது.

இழப்பீடு கேட்க, எந்தச் செயலால் எந்தச் சேதம் என்று காட்ட வேண்டும். அது கடினம், ஆனால் முடியாததல்ல என்கிறது ஹேக் நீதிமன்றம். ஆகவே சிறு விவசாயிகளுக்கு ஒரு வேண்டுகோள். மண் சரிந்தால், பயிர் போனால், தேதியோடு படம் எடுத்து வையுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்குங்கள். எஸ்டேட்காரர்களே, உங்கள் அலுவலகங்களில் பல்லாண்டு மழையளவுப் பதிவேடுகள் இருக்கும். அவற்றைப் பழைய காகிதத்தோடு போட்டுவிடாதீர்கள்.