கட்டிலோடு சுற்றும் வீடு

வணக்கம் நேயர்களே.

நம் பக்கத்தில் தலை கறங்குவதற்குத்தான் எத்தனை பெயர்! கறக்கம், கிறுகிறுப்பு, மயக்கம், பித்தம். வரும் நோயாளியும் ஒரே மூச்சில் நாலையும் சொல்லிவிடுவார். காது மூக்கு தொண்டை மருத்துவனான நான் அந்தப் பெயர்களை ஓரமாக வைத்துவிட்டு இரண்டே கேள்விகள் கேட்பேன். எவ்வளவு நேரம் சுற்றியது? என்ன செய்துகொண்டிருந்தபோது சுற்றியது? பாதி நோய் அந்தப் பதிலிலேயே பிடிபட்டுவிடும்.

குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி வந்தார். கழுத்தில் பட்டை, கையில் எக்ஸ்ரேயும் ஸ்கேனும் திணித்த பை. "மக்களே, வலப்பக்கமா திரும்பிப் படுத்தா கட்டிலோட வீடு சுத்துது. கண்ண அடச்சிட்டு கொஞ்சம் கெடந்தா நின்னுரும்" என்றார். கழுத்தெலும்பு தேய்மானம் என்று யாரோ சொல்லி, ஏழு மாதமாக மாத்திரை. அந்த வயதில் யாருடைய கழுத்தைப் படம் எடுத்தாலும் தேய்மானம் தெரியத்தான் செய்யும். பிறரைக் குறை சொல்லி என்ன ஆக? வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இதே பட்டையை எழுதிக் கொடுத்தவன்தான்.

பாட்டிக்குக் கோளாறு உள்காதில். கொத்தனார் கையிலிருக்கும் ரசமட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். அதைப்போல நீர் நிரம்பிய மூன்று அரைவட்டக் குழாய்கள் ஒவ்வொரு காதுக்குள்ளும் இருக்கின்றன. தலை எந்தப் பக்கம் திரும்பியது என்று மூளைக்குச் சொல்வது அவற்றின் வேலை. பக்கத்திலேயே ஒரு சிறு பையில், பசை போன்ற படலத்தின் மேல், கால்சியம் கார்பனேட் துகள்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். நம் கடற்கரைச் சிப்பியும் சங்கும் எந்தப் பொருளோ, அதே பொருள்தான். ஒரு துகள், ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. வயதாகும்போதோ தலையில் அடிபட்டாலோ சில துகள்கள் உதிர்ந்து குழாய்க்குள் விழுந்துவிடும். அப்புறம் படுக்கையில் புரண்டால், பரண்மேல் இருப்பதை எடுக்க அண்ணாந்தால், துகள் உருண்டு நீரைத் தள்ளும். நின்ற தலை இன்னும் சுற்றுவதாக மூளை நம்பிவிடும். இது எந்த ஸ்கேனிலும் தெரியாது.

கண்ணில் தெரியும். பாட்டியைக் கட்டிலில் கால் நீட்டி உட்காரவைத்து, தலையை வலப்பக்கம் 45 டிகிரி திருப்பி, அப்படியே சட்டென்று பின்னால் சாய்த்தேன். தலை கட்டில் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே, என் கைகளில். இரண்டு மூன்று விநாடி ஒன்றுமில்லை. பிறகு கருவிழிகள் மேல்நோக்கித் துடித்தபடி வலக்காதின் பக்கமாகச் சுழல ஆரம்பித்தன. "அய்யோ, விழுந்திருவேன்" என்று பாட்டி என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். அரை நிமிடத்தில் கண் அடங்கியது.

மருந்து எடுக்கவில்லை. தலையை மெதுவாக இடப்பக்கம் திருப்பினேன், காத்திருந்தேன். உடம்பையும் இடத்தோள்மேல் உருளவைத்து, மூக்கு தரையைப் பார்க்கும்படி வைத்தேன், மறுபடி காத்திருந்தேன். பிறகு எழுப்பி உட்காரவைத்தேன். துகள் குழாயைச் சுற்றி வந்து, உதிர்ந்து வந்த பைக்கே போய்ச் சேரும் வழி இது. மொத்தம் ஐந்து நிமிடம்கூட ஆகாது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துக் காது மருத்துவர் ஜான் எப்ளி 1992-ல் இதை எழுதி வெளியிட்டார். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றிரண்டு தடவையிலேயே சரியாகிவிடும். மறுபடி வரவும் வரும். வந்தால் மறுபடி செய்துகொள்ளலாம். செல்போனில் பார்த்துவிட்டு வீட்டில் செய்யாதீர்கள். எந்தக் காது, எந்தக் குழாய் என்று தெரியாமல் உருட்டினால் பயனில்லை.

காதுக்கும் கண்ணுக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். வியன்னாவில் ராபர்ட் பாரனி என்ற மருத்துவர் காது கழுவும்போது, தண்ணீர் குளிர்ந்திருந்தால் தலை சுற்றுகிறது என்றார்கள் நோயாளிகள். அப்போது அவர்கள் கண் ஒரு பக்கமாகத் துடித்தது. சூடாக்கிப் பார்த்தார், அப்போதும் சுற்றியது, ஆனால் கண் எதிர்ப்பக்கமாகத் துடித்தது. அதைப் பிடித்துக்கொண்டே போனவருக்கு 1914-ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் கிடைத்தது. செய்தி வந்தபோது அவர் ரஷ்யாவில் போர்க் கைதி!

எல்லாக் கறக்கமும் துகள் அல்ல. சளிக் காய்ச்சலுக்குப் பின் நாள் கணக்கில் விடாமல் சுற்றினால், ஆனால் காது நன்றாகக் கேட்டால், சமநிலை நரம்பு வீங்கியிருக்கலாம். 20 நிமிடம் முதல் 12 மணி நேரம் வரை சுற்றி, ஒரு காதில் இரைச்சலும் அடைப்பும், கேட்பது கூடியும் குறைந்தும் இருந்தால் அது மெனியர் நோய். செவித்திறன் சோதனை வேண்டும், கருவாட்டையும் ஊறுகாயையும் குறைக்கச் சொல்வோம். ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு வலியே இல்லாமலும் கறங்கும்.

மாத்திரை பற்றி ஒரு வார்த்தை. வாந்தியும் சுற்றலும் தாங்கமுடியாத முதல் இரண்டு மூன்று நாளைக்கு ஸ்டெமெட்டில் போன்றவை உதவும். அதற்குமேல் போட்டால், பழுதான காதுக்கு ஈடுகொடுக்கக் கற்கும் மூளையை அவையே தூங்கவைத்துவிடும். மாதக்கணக்கில் போட்டு, கை நடுங்கி, பார்க்கின்சன் நோயோ என்று பயந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்காதீர்கள். எழுந்து நடப்பதும், ஒரு புள்ளியைப் பார்த்தபடி தலையை அசைக்கும் பயிற்சியும்தான் மருந்து.

சுற்றலோடு நாக்குக் குழறினால், ஒன்று இரண்டாகத் தெரிந்தால், முகமோ கையோ மரத்தால், பிடித்தும் நிற்கமுடியாவிட்டால் மூளைப் பக்கவாதமாக இருக்கலாம். பித்தம் என்று சுக்குக் கஷாயம் வைத்துக்கொண்டிருக்காமல் 108-ஐ அழையுங்கள். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய இடத்துக்கே போகவேண்டும். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசிக்கு அவகாசம் நாலரை மணி நேரம்தான்.

இன்னொன்று. மருத்துவரிடம் வரும்போது கறக்கம் ஒளிந்துகொள்ளும். அதனால் சுற்றும்போதே கண்ணைத் திறந்துவைக்கச் சொல்லி, வெளிச்சத்தில் செல்போனில் படம் பிடியுங்கள். குளச்சல் விசைப்படகுக்காரர் ஒருவருக்கு மகன் எடுத்து வந்தான். பாதி நேரம் மின்விசிறியும் சுவரும்தான். நடுவில் ஒரு ஆறு விநாடி அப்பாவின் கண். எனக்கு அது போதுமாக இருந்தது.

நன்றி, வணக்கம்.