தனி வசனமும் முழு அதிகாரமும்

கூட்டத்துக்குத் தலைமை வகிக்கும் பேராயர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் குருவானவர்களே, சபை மூப்பர்களே, பெண்கள் ஐக்கியத் தலைவி அம்மா அவர்களே, ஞாயிறுப் பள்ளி ஆசிரியர்களே, பாடகர் குழுவினரே, அன்பான சபையாரே, அனைவருக்கும் இயேசு கிறிஸ்துவின் இனிய நாமத்தில் வாழ்த்துதல்கள். எத்தனையோ வேலைகளுக்கு நடுவிலும் கடைசிவரை இருப்பதாகப் பேராயர் ஐயா சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்கு என் நன்றி. வரவேற்புரை ஆற்றிய மூப்பர் என்னைப் பற்றிச் சொன்னதெல்லாம் அவருடைய அன்பு.

கள்ளப் போதகம் எப்படி நுழைகிறது, அதை எப்படி அடையாளம் காண்பது, பிள்ளைகளை எப்படிக் காப்பது என்று மூன்று காரியங்களைப் பேசச் சொன்னார்கள். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய். எந்த மேடையில் ஏறினாலும் இந்தப் பழமொழியைச் சொல்லாமல் நான் இறங்குவதில்லை. "அந்த ஆவிகள் தேவனாலுண்டானவைகளோ என்று சோதித்தறியுங்கள்" என்று யோவான் எழுதினாரே, அதுவும் விசாரிக்கச் சொன்னதுதான்.

கள்ளப் போதகன் வேதத்தைத் தூக்கி எறிந்துவிட்டு வருவதில்லை. வசனத்தோடுதான் வருவான். ஆண்டவரைத் தேவாலயத்து உப்பரிகையின்மேல் நிறுத்திச் சாத்தான் சொன்னது 91ஆம் சங்கீதம். தூதர்கள் கைகளில் ஏந்துவார்கள் என்ற 12ஆம் வசனத்தோடு நிறுத்திக்கொண்டான். 13ஆம் வசனம் என்ன? "வலுசர்ப்பத்தையும் மிதித்துப்போடுவாய்." வலுசர்ப்பம் என்று வேதம் சொல்வது அவனைத்தான். அதை அவன் எப்படி வாசிப்பான்?

நான்காம் நூற்றாண்டில் ஆரியுஸ் என்ற போதகர், குமாரனாகிய கிறிஸ்து படைக்கப்பட்டவர் என்று போதித்தார். பிதா என்னிலும் பெரியவர் என்று ஆண்டவர் சொன்ன யோவான் 14:28ஐ அவர் பக்கத்தார் பிடித்துக்கொண்டார்கள். அதே அதிகாரத்தின் 9ஆம் வசனத்தில், "என்னைக் கண்டவன் பிதாவைக் கண்டான்" என்கிறார் ஆண்டவர். 325இல் பேராயர்கள் கூடிய நிசேயா சங்கம், ஆரியுஸ் போதித்தது தவறு என்று தீர்ப்புச் சொன்ன பிறகும் சண்டை ஓயவில்லை. ஆரியுஸின் போதனையை எதிர்த்து நின்ற பேராயர் அத்தனாசியுஸ் ஐந்து முறை நாடுகடத்தப்பட்டார்.

இப்போது எருசலேம் தேவாலயத்துக்கு வாருங்கள். யூதாவின் ராஜா சிதேக்கியாவின் நான்காம் வருஷம், ஐந்தாம் மாதம். ஆசாரியர்களும் ஜனங்களும் கூடியிருக்கிறார்கள். கழுத்தில் மர நுகத்தோடு நிற்கிறார் எரேமியா தீர்க்கதரிசி. பாபிலோனுக்குக் கீழ்ப்படியுங்கள் என்பது அவர் செய்தி. யாருக்குப் பிடிக்கும்? அப்போது கிபியோன் ஊரான் அனனியா எழுந்து, "கர்த்தர் சொல்லுகிறார்" என்று அதே தோரணையில் ஆரம்பிக்கிறான். இரண்டே வருஷம்! பாபிலோன் கொண்டுபோன ஆலயப் பாத்திரங்கள் திரும்பும், சிறைப்பட்ட ராஜா திரும்புவார், ஜனங்களும் திரும்புவார்கள்! எரேமியா கோபப்பட்டாரா? "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்கிறார். ஜனங்கள் நன்றாயிருக்க வேண்டும் என்ற ஆசை அவருக்கும் உண்டு. ஆனால் சமாதானம் வரும் என்று சொல்லுகிறவனை, அது நடக்கும்போதுதான் கர்த்தர் அனுப்பியவன் என்று அறிய முடியும் என்றும் சொல்கிறார். அனனியா என்ன செய்தான்? எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தை எடுத்து, எல்லார் கண்முன்னும் உடைத்தான். கூட்டம் எப்படி ஆரவாரித்திருக்கும்! எரேமியா பதில் பேசாமல் தன் வழியே போய்விட்டார். அன்று அங்கே இருந்திருந்தால் நாம் யார் பக்கம் நின்றிருப்போம்? கண்ணால் கண்டது நுகம் உடைந்ததை, காதால் கேட்டது இனிப்பான செய்தியை. தீர விசாரிப்பதே மெய், ஐயா! அந்த வருஷமே ஏழாம் மாதத்தில் அனனியா செத்துப்போனான்.

இது எரேமியா 28ஆம் அதிகாரம். அடுத்த அதிகாரம் 29, பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். அதன் 11ஆம் வசனம் நம் எல்லாருடைய போனிலும் இருக்கிறது: "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அருமையான வசனம். ஆனால் அதற்கு முந்தின வசனம் எழுபது வருஷம் என்கிறது. 8ஆம் வசனம், உங்கள் தீர்க்கதரிசிகளிடம் ஏமாறாதிருங்கள் என்கிறது. அனனியாவைப் போன்றவர்களிடம் எச்சரிக்கும் அதே கடிதத்திலிருந்து ஒரே ஒரு வசனத்தை வெட்டி எடுத்து, அடுத்த மாதமே வேலை, வீடு, சுகம் என்று விற்கிறார்கள். வியாதிப்பட்டவர் வீட்டில் இதைச் சொல்லிக் காணிக்கை வாங்குகிறவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

அடையாளங்கள் பல உண்டு. கிறிஸ்துவைப் பேசுகிறாரா, தன்னைப் பேசுகிறாரா? கேள்வி கேட்டால் கோபப்படுகிறாரா? பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே தினந்தோறும் வேதத்தில் ஆராய்ந்து பார்த்தார்கள். அப்போஸ்தலர் நடபடிகள் அவர்களை நற்குணசாலிகள் என்கிறது. அப்போஸ்தலனையே ஆராயலாம் என்றால், என்னை ஆராயக் கூடாதா?

பிள்ளைகளைப் பற்றிப் பேச நேரமில்லை. சரி, என் கோரிக்கைக்கு வருகிறேன். பல வருஷங்களாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பேராயர் ஐயாவிடமும் மனுவாகக் கொடுத்திருக்கிறேன். பிரசங்கத்துக்கு எடுக்கும் வசனம் எதுவானாலும், அந்த அதிகாரம் முழுவதும் சபையில் வாசிக்கப்பட வேண்டும். ஆராதனை முடிந்ததும் கேள்விகளுக்கு நேரம் கொடுக்க வேண்டும். வாலிபர்கள் கேட்கட்டும், தாய்மார்கள் கேட்கட்டும். பதில் தெரியாவிட்டால் அடுத்த வாரம் படித்துவிட்டு வந்து சொல்லலாம். அதில் குருவானவருக்கு ஒரு குறைவும் இல்லை.

இன்றைக்கே தொடங்க ஐயா அனுமதி தந்திருக்கிறார்கள். தம்பி, அந்த மைக்கைப் பின்வரிசைக்குக் கொண்டுபோ. நான் பேசியதில் எந்த வசனத்தையாவது இடம் மாற்றி வைத்திருந்தால், அதை முதலில் கேளுங்கள்.