கடல் செதுக்கும் முகங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

ஸ்தபதி சிலையை முடிக்கும்போது கடைசியாகக் கண் திறப்பார். இன்று நான் பேச வந்திருக்கும் சிற்பியின் சிலைகள் பெரும்பாலும் கண்ணை மூடிக்கொண்டுதான் இருக்கின்றன. உயிருள்ள மனிதர்களின் முகத்தில் அச்சு எடுத்து வார்ப்பதால் அப்படி. கண்ணை மூடாமல் யார் முகத்தில் அச்சுக்கூழைப் பூச முடியும்? அந்த மூடிய கண்களோடு அவற்றைக் கடலுக்குள் இறக்கிவிடுகிறார். மிச்ச வேலை கடலுடையது.

அவர் பெயர் ஜேசன் டிகேர்ஸ் டெய்லர். பிரிட்டன்காரர், தாய் கயானா நாட்டவர். கரீபியனில் உள்ள கிரெனடா தீவை 2004-இல் ஐவன் புயல் சூறையாடியது. அங்கே மொலினியர் விரிகுடாவில் பவளப்பாறைகளும் நொறுங்கின. 2006-இல் அந்த விரிகுடாவில்தான் டெய்லர் உலகின் முதல் கடலடிச் சிற்பப் பூங்காவை அமைத்தார். 26 சிறுவர் சிறுமியர் கைகோத்து வட்டமாக நிற்கும் சிலை அங்கே பெயர் பெற்றது. அடிமைக் கப்பல்களிலிருந்து கடலில் வீசப்பட்டவர்களின் நினைவுச்சின்னம் என்று பலர் அதைக் கண்டு கலங்கினார்கள். சிற்பி அந்த எண்ணத்தில் செய்யவில்லை. ஆனால் கரீபியக் கடலுக்குள் நிற்கும் கருத்த முகங்களைப் பார்ப்பவருக்கு வேறு என்ன தோன்றும்?

சிலை வடிப்பது பாதி வேலைதான். சாதாரண சிமெண்டில் காரத்தன்மை அதிகம். கடலுயிர்கள் எளிதில் ஒட்டாது. அதனால் காரமும் அமிலமும் மிஞ்சாத கடல் சிமெண்டைப் பயன்படுத்துகிறார். வழவழப்பான பரப்பில் பவள இளவுயிரிகளுக்குப் பிடிப்பு கிடைக்காது என்பதால், மேற்பரப்பைச் சொரசொரப்பாக விடுகிறார். பவளங்கள் பௌர்ணமியை ஒட்டி முட்டையிடும். அந்தப் பருவத்துக்கு முன்பே சிலைகள் தண்ணீருக்குள் போயிருக்க வேண்டும். சிற்பிக்குப் பஞ்சாங்கம் தேவைப்படுகிறது!

மெக்சிகோவின் கான்கூனில் அவர் வைத்த ஒரு மீனவர் சிலையைப் பாருங்கள். உடம்பு முழுக்க 75 துளைகள். ஒவ்வொன்றிலும் தொட்டால் சுடுகிற நெருப்புப் பவளத்தின் ஒரு துண்டு. அது வளர வளர மனிதர் எரிவது போலத் தெரியும். அதே கான்கூனில் நானூறுக்கும் மேற்பட்ட மனிதச் சிலைகள் கூட்டமாக நிற்கின்றன. முதலில் பாசி மூக்கை மறைக்கும், பிறகு கடற்பஞ்சு கன்னத்தில் ஏறும். சுற்றுலாப் பயணிகள் இயற்கைப் பாறைகளை மிதித்துச் சிதைக்காமல் இந்தப் பக்கம் திரும்பட்டும் என்பதும் அங்கே ஒரு நோக்கம்.

இதில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. கூட்டத்தைத் திருப்பிவிடலாம், தண்ணீர் சூடேறுவதைச் சிலை தடுக்குமா? சூடு தாங்காத பவளம் தன்னுள் வாழும் நுண்பாசியை வெளியேற்றி வெளுத்துப்போகிறது. சிமெண்டில் வளர்ந்த பவளத்துக்கும் அதே கதிதான்.

அது டெய்லருக்கும் தெரிந்திருக்கிறது. 2019-இல் ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் கடற்கரையில் அவர் நிறுத்திய சிலை தண்ணீருக்கு மேலே நிற்கிறது. அந்த மண்ணின் பூர்வகுடியான வுல்குருகாபா இனத்துச் சிறுமியின் உருவம் அது. உள்ளே விளக்குகள். தொலைவில், பெருந்தடுப்புப் பவளத்திட்டில் உள்ள டேவிஸ் பாறையின் வெப்பமானி அனுப்பும் அளவுக்கு ஏற்ப அவள் நிறம் மாறுகிறது. கடல் குளிர்ந்திருந்தால் நீலம். சூடு ஏற ஏற, கரையில் நடந்து போகிறவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அந்தப் பெண் சிவக்கிறாள்.