24 மணி நேரம் ஓடும் கார்

நெல்லைச் சீமை வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கார் பந்தயம் என்றால் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் பார்முலா ஒன் போட்டியே பலருக்கும் நினைவுக்கு வரும். நான் பேச வந்திருப்பது நெடுநேரக் கார் பந்தயத்தைப் பற்றி. இங்கே பெரும்பாலும் தொலைவை வரையறுப்பதில்லை. 6 மணி, 12 மணி, 24 மணி என்று நேரத்தை வரையறுத்துவிட்டு, அதற்குள் எந்தக் கார் அதிகத் தொலைவு ஓடியது என்று பார்க்கிறார்கள். ஆகவே, வேகமான கார் என்பது மட்டும் போதாது, கடைசி மணி வரை ஓடிக்கொண்டிருக்கும் காராகவும் இருக்க வேண்டும். இதை நான் இன்னும் இரண்டு மூன்று முறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இவ்வகைப் பந்தயங்களில் தலையாயது பிரான்சு நாட்டின் லெ மான் நகரில் 1923-இல் தொடங்கிய 24 மணி நேரப் பந்தயம். அதன் ஒரு சுற்று 13.6 கிலோமீட்டர், அதில் பெரும்பகுதி, மற்ற நாள்களில் ஊர் மக்கள் வண்டி ஓட்டிச் செல்லும் பொதுச் சாலை. ஆனித் தேரோட்டத்தன்று நம் ரத வீதிகளில் போக்குவரத்தை விலக்கித் தேருக்கு வழி விடுவதுபோல, ஆண்டுக்கொரு முறை அந்தச் சாலையை அடைத்துப் பந்தயத்துக்குத் தருகிறார்கள். 2010-இல் வென்ற ஆடி (Audi) நிறுவனத்தின் கார் அந்த ஒரு நாளில் ஓடிய தொலைவு 5,410 கிலோமீட்டர். நெல்லையிலிருந்து சென்னைக்கு நான்கு முறை போய்த் திரும்பினாலும் அவ்வளவு வராது. நின்ற நேரத்தையும் சேர்த்தே அதன் சராசரி வேகம் மணிக்கு 225 கிலோமீட்டர்.

நின்ற நேரம் என்றேன். ஏறத்தாழ முக்கால் மணிக்கு ஒருமுறை கார் தடத்தை ஒட்டியுள்ள பிட் என்னும் பராமரிப்புப் பகுதிக்குள் வந்து எரிபொருள் நிரப்பிக்கொள்ள வேண்டும். ஒரு காருக்கு மூன்று ஓட்டுநர்கள். ஆறு மணி நேரத்துக்குள் ஒருவர் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்பது விதி. பிரேக், கியர்பாக்ஸ், விளக்கு எல்லாம் விடிய விடியத் தாங்க வேண்டும். இன்று நம் தெருவில் நிற்கும் மோட்டார் சைக்கிள்களிலும் காணப்படும் டிஸ்க் பிரேக்கை வைத்து ஜாகுவார் 1953-இல் லெ மானில் வென்றது. மலைப் பாதையில் இறங்கும்போது பழைய டிரம் பிரேக் சூடேறிப் பிடிமானம் குறைவதை மாஞ்சோலைப் பக்கம் வண்டி ஓட்டியவர்கள் அறிவார்கள். டிஸ்க் வெளிக்காற்று படும்படி இருப்பதால் விரைவில் ஆறிவிடும்.

இனி எனக்குப் பிடித்த 1969-ஆம் ஆண்டுக் கதை. அக்காலத்தில் கார்களைச் சாலையின் ஒரு பக்கம் வரிசையாக நிறுத்திவிட்டு, ஓட்டுநர்களை எதிர்ப்பக்கம் நிற்க வைப்பார்கள். கொடி அசைந்ததும் சாலையைக் குறுக்கே ஓடிக் கடந்து, காரில் பாய்ந்து ஏறி, கிளப்பிக்கொண்டு போக வேண்டும். இதில் சில நொடிகளை மிச்சப்படுத்தப் பலர் சீட் பெல்ட்டை மாட்டாமலே புறப்பட்டார்கள். பெல்ஜியத்தைச் சேர்ந்த, 24 வயதே ஆன ஜாக்கி இக்ஸ் இதை எதிர்க்க ஒரு வழி கண்டார். மற்றவர்கள் ஓட, அவர் நடந்தார். ஆம், நடந்தார், அவசரப்படாமல் காரில் ஏறி, பெல்ட்டை ஒழுங்காக மாட்டிக்கொண்டு, எல்லாருக்கும் கடைசியாகப் புறப்பட்டார். அந்த முதல் சுற்றிலேயே ஜான் வுல்ப் என்ற ஓட்டுநர் பெல்ட் மாட்டாத நிலையில் விபத்துக்குள்ளாகி உயிரிழந்தார்.

இக்ஸ் ஓட்டிய போர்டு ஜிடி 40, முந்தைய ஆண்டு அதே பந்தயத்தில் வென்ற அதே கார். புதிய போர்ஷே 917-ஐவிட வேகம் குறைந்தது. ஆனால் முன்னணியில் வெகுதூரம் சென்றிருந்த அந்த 917, மூன்று மணி நேரமே மீதமிருக்கும் அளவில் கோளாறால் நின்றுவிட்டது. முன்பே சொன்னேன் அல்லவா, கடைசி மணி வரை ஓட வேண்டும் என்று! இறுதியில் இக்ஸும் மற்றொரு போர்ஷேயில் வந்த ஹான்ஸ் ஹெர்மனும் மாறி மாறி முந்தினார்கள். ஏறத்தாழ 120 மீட்டர் இடைவெளியில் இக்ஸ் வென்றார். கடைசியாகப் புறப்பட்டவர் முதலில் வந்தார். கதை இத்துடன் முடியவில்லை. மறுநாள் பாரிசுக்குச் செல்லும் வழியில் அவருடைய சொந்தக் கார் கம்பத்தில் மோதி நொறுங்கியது. அவர் பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் காயமின்றி இறங்கி வந்தார். ஓடி ஏறும் வழக்கம் அந்த ஆண்டோடு ஒழிந்தது. சோதனைச் சாவடி கண்ணில் பட்டதும் மட்டும் பெல்ட்டைத் தேடுகிறவர்களிடம் இந்தக் கதையை நான் சொல்லாமல் விடுவதில்லை.

புதிதாகப் பார்ப்பவர்களைக் குழப்புவது ஒன்று உண்டு. ஒரே தடத்தில் வெவ்வேறு பிரிவுக் கார்கள் ஓடுகின்றன: மேலே மிக வேகமான ஹைப்பர்கார், அதன் கீழே பந்தயத்துக்கென்றே செய்த எல்எம்பி 2, பின்னர் சாலைக் கார்களை ஒட்டிச் செய்த ஜிடி 3. ஒரு காரை இன்னொன்று தாண்டிச் சென்றால் தாண்டப்பட்டது தோற்கிறது என்று முடிவு கட்ட வேண்டாம். அது தன் பிரிவில் முதலில் போய்க்கொண்டிருக்கலாம்.

நிலையத்தார் கையசைக்கிறார்கள். நம்மவர்களைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் 2012-இல் லெ மானில் ஓட்டி, அவரது கார் ஒட்டுமொத்தத்தில் ஆறாம் இடம் பெற்றது. நடிகர் அஜித் குமாரின் அணி 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாவதாக வந்தது. லெ மான் பந்தயம் வழக்கமாக ஜூன் மாதத்தில், அவர்கள் கணக்கில் சனிக்கிழமை மாலை 4 மணிக்கு, அதாவது நமக்கு இரவு 7.30 மணிக்குத் தொடங்கும். விழித்திருக்க இயலாதவர்கள் தொடக்கத்தைப் பார்த்துவிட்டு உறங்கலாம், ஞாயிறு மாலை கடைசி இரண்டு மணி நேரத்தைத் தவறவிட வேண்டாம். 2016-இல் முதலில் சென்ற டொயோட்டா, மூன்று நிமிடமே மீதமிருந்தபோது ஆற்றல் இழந்து நின்று, வெற்றி போர்ஷேக்குப் போனது. நன்றி, வணக்கம்.