உடைக்கும் நொதியைக் கையும் களவுமாகப் பிடிப்பது

நேயர்களுக்கு வணக்கம்.

நோயாளியிடம் எடுத்த கிருமியை வளர்த்துப் பார்த்துத் தரும் கல்ச்சர் ரிப்போர்ட்டில் மருந்துப் பெயருக்கு எதிரே 'ஆர்' என்று போட்டிருந்தால், அந்த ஆன்டிபயாடிக் அந்தக் கிருமியிடம் பலிக்காது என்று பொருள். மெரோபெனம் போன்ற கடைசிக்கட்ட மருந்துக்கும் 'ஆர்' விழுந்துவிட்டால், ஆய்வகத்தில் எங்களுக்கு அடுத்த கேள்வி எழும். கிருமி மருந்தை உள்ளே விடாமல் தடுக்கிறதா? இல்லை, நொதியைச் சுரந்து மருந்தையே உடைக்கிறதா?

இதைக் கண்டறிய எம்சிம் என்றொரு சோதனை உண்டு. எனக்கு மிகவும் பிடித்த சோதனை. சந்தேகத்துக்குரிய கிருமியை 2 மில்லி வளர்ப்புத் திரவத்தில் கலந்து, அதில் ஒரு மெரோபெனம் வில்லையை, அதாவது மருந்து ஏற்றிய சிறு காகித வட்டை, போட்டு 4 மணி நேரம் ஊறவிடுவோம். அப்புறம் அந்த வில்லையை எடுத்து, மெரோபெனத்துக்கு எளிதில் மடியும் ஈ.கோலை என்ற பாக்டீரியாவைப் பரப்பிய தட்டில் வைப்போம். மறுநாள் காலை அளவுகோலோடு உட்கார வேண்டும். வில்லையைச் சுற்றி 19 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ ஈ.கோலை வளராத வெற்று வட்டம் இருந்தால் மருந்து உயிரோடிருக்கிறது. ஈ.கோலை வில்லைக்கு அருகே வரை வளர்ந்து, வட்டம் 15-க்குள் சுருங்கியிருந்தால் நொதி மருந்தைத் தின்றுவிட்டது. 16 முதல் 18 வரை வந்தால் அவசரப்பட்டு முடிவு எழுதக்கூடாது.

நொதி இருக்கிறது என்பதோடு நிறுத்தினால் போதாது. அது எந்த வகை? இன்னொரு குழாயில் இடிடிஏ என்ற வேதிப்பொருளைச் சேர்த்து அதே சோதனையைச் செய்வோம். இடிடிஏ துத்தநாகத்தைப் பிடித்துக்கொள்ளும். என்டிஎம் போன்ற நொதிகளுக்குத் துத்தநாகம் இல்லாமல் வேலை ஓடாது. ஆகவே இந்தக் குழாயிலிருந்து வந்த வில்லையின் வட்டம் 5 மில்லிமீட்டராவது பெரிதானால், அது அந்த வகை. மருத்துவருக்கு இது பெரிய செய்தி. செஃப்டாசிடைம்–அவிபாக்டம் என்ற கூட்டு மருந்து, துத்தநாகம் தேவைப்படாத ஆக்ஸா-48 நொதியைச் சமாளிக்கும். என்டிஎம்மிடம் தனியாக நிற்காது, அஸ்ட்ரியோனாம் என்ற மருந்தையும் சேர்த்தாக வேண்டும்.

2010-இல் என்டிஎம்-1 பரவலை உலகுக்குக் காட்டிய ஆய்வில் சென்னையில் எடுத்த கிருமிகளும் இருந்தன. அதன் முதல் ஆசிரியர் கார்த்திகேயன் குமாரசாமி, சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். என்டிஎம்மில் உள்ள 'என்டி' நியூ டெல்லியைக் குறிப்பதால், பெயரை வைத்துப் பெரிய சர்ச்சை கிளம்பியது. பெயரை விடுங்கள், நொதி இங்கே இருக்கிறது.

நிறமாற்றத்தால் 2 மணி நேரத்துக்குள் சொல்லும் கார்பா-என்பி சோதனையும், கால் மணி நேரத்தில் கோடு காட்டும் சோதனைப் பட்டைகளும் வந்துவிட்டன. பட்டை கட்டுப்படியாகாத சிறிய ஆய்வகத்தார் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், அவர்களுக்குச் சொல்கிறேன்: எந்த மருந்து பலிக்கும் என்று சென்சிடிவிட்டி பார்க்கும் இடத்தில் மெரோபெனம் வில்லையும் ஈ.கோலையும் ஏற்கெனவே இருக்கும். இடிடிஏவை மட்டும் வாங்கி வையுங்கள்.