தமிழ் தட்டுகிறவர்களுக்கு முதல் மெக்கானிக்கல் கீபோர்டு

வணக்கம். பாளையங்கோட்டை டிடிபி கடையில் கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுப்பது என் தொழில். "அண்ணாச்சி, எந்த மெக்கானிக்கல் வாங்கட்டும்?" என்று கேட்கிற பிள்ளைகளுக்காக இந்த வீடியோ.

[காட்சி: ஒரு கீயைக் கழற்றுகிறோம். அடியில் பழுப்பு நிறச் சுவிட்ச்.]

சாதாரணக் கீபோர்டில் எல்லாக் கீக்கும் அடியில் ஒரே ரப்பர் விரிப்பு. இதில் ஒவ்வொரு கீக்கும் தனிச் சுவிட்ச், உள்ளே ஸ்பிரிங். சுவிட்சின் நிறம்தான் அதன் வகை. செர்ரி கம்பெனியின் எம்எக்ஸ் சிவப்புச் சுவிட்சை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 4 மில்லிமீட்டர் இறங்கும், 2 மில்லிமீட்டரிலேயே எழுத்து விழுந்துவிடும். அடிவரை குத்த வேண்டியதில்லை.

சிவப்பு வழுக்கிக்கொண்டு இறங்கும். பழுப்பில் பாதி வழியில் லேசாக ஒரு மேடு தட்டுப்படும். நீலத்தில் மேட்டோடு 'டிக்' என்று சத்தமும் உண்டு. டைப்ரைட்டிங் படித்தவர்களுக்கு நீலம் உடனே பிடித்துப்போகும். எனக்கும் பிடித்தது, வாங்கினேன். ராத்திரி தொட்டிலில் பிள்ளை தூங்குகிற வீட்டில் அதைத் தட்ட முடியவில்லை.

சத்தத்தை விடுங்கள், தமிழுக்கு இன்னொரு காரணம் இருக்கிறது. தமிழக அரசு 1999-இல் ஏற்ற தமிழ்99 கீபோர்டு முறையில் 'அம்மா' என்று அடிக்க அ, ம, ம, ஆ. நாலே தட்டு, புள்ளி தானாக விழும். அதாவது ஒரே கீயை அடுத்தடுத்து இரண்டு தடவை தட்டிக்கொண்டே இருப்போம். நீலத்திலோ எழுத்து விழுந்த இடத்தைவிடச் சற்று மேலே கீ ஏறி வந்தால்தான் அடுத்த தட்டை வாங்கும். வேகமாக அடித்தால் இரண்டாவது எழுத்து விட்டுப்போகலாம். அதனால் முதல் கீபோர்டுக்குப் பழுப்பைத்தான் சொல்வேன். விரலை அழுத்தாமல் மெல்லத் தட்டுகிறவர்கள் என்றால் சிவப்பு.

அளவு? கணக்கு எழுதுகிறவர்களுக்கு எண்கள் தனியாக உள்ள 104 கீ. மற்றவர்களுக்கு 87 போதும். நாற்பது சொச்சம் கீ மட்டும் உள்ள குட்டிக் கீபோர்டு வேண்டாம். தமிழ்99-இல் ச, ஞ இரண்டும் சதுர அடைப்புக்குறிக் கீகளில் இருக்கின்றன, அந்தக் கீகளே அதில் பெரும்பாலும் இருக்காது.

அப்புறம், ஆடிக் காற்றில் நம் ஊர்ப் புழுதி எங்கேயும் நுழையும். சுவிட்சைப் பிடுங்கி மாற்றுகிற ஹாட்-ஸ்வாப் வகையாகப் பாருங்கள். ஒன்று கெட்டால் ஒன்றை மட்டும் மாற்றலாம், சால்டரிங் வேலை கிடையாது. கீ மூடி பிபிடி என்கிற பிளாஸ்டிக் என்றால் எண்ணெய்ப் பளபளப்பு சீக்கிரம் ஏறாது.

சரி, கடையில் கீபோர்டை மாட்டச் சொல்லி இதை வேகமாக அடியுங்கள்: "அத்தை பத்து அப்பளம் பொரித்தாள், அக்கா எட்டு முறுக்குச் சுற்றினாள்." எட்டு இடத்தில் ஒரே கீயை இரண்டு தடவை தட்டுவீர்கள். எட்டுப் புள்ளியும் விழுந்தால் காசைக் கொடுங்கள்.